இருவர் செல்லும் பாய்மரக் கலம்

நெல் வயலும் தென்னந்தோப்பும் சூழ்ந்த ஒரத்தநாட்டில் பிறந்தவனுக்குப் பாய்மரப் படகைப் பற்றிப் பேச என்ன உரிமை என்று நேயர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. எங்கள் ஊரில் பெருநீர் என்றால் புது ஆறுதான். 1934ஆம் ஆண்டில் மேட்டூர் அணையோடு சேர்ந்து வந்த கல்லணைக் கால்வாயைத்தான் நாங்கள் இன்றும் அப்படி அழைக்கிறோம். ஆனால் பட்டுக்கோட்டை வழியாகத் தெற்கே சென்றால் அதிராம்பட்டினத்தில் கடல் வந்துவிடுகிறது. பள்ளிப் பருவத்தில் அங்கே நான் கண்ட வத்தை என்னும் படகுதான் என்னைக் கடலுக்கு இழுத்தது. பிற்காலத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சரக்குக் கப்பல்களில் பணி செய்து ஊர் திரும்பினேன். அந்த உரிமையில்தான் என் தங்கை மகளும் மாப்பிள்ளையும் சென்ற ஆண்டு எனக்கு ஒரு கடிதம் எழுதினார்கள்.

இருவரும் ஐம்பதைக் கடந்தவர்கள், மலேசியாவில் வாழ்பவர்கள். பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டார்கள். இவர்கள் இருவர் மட்டுமே ஒரு பாய்மரப் படகில் லங்காவியிலிருந்து இலங்கையின் காலித் துறைமுகத்திற்கும், அங்கிருந்து கொச்சிக்கும் வர விரும்பினார்கள். சில ஆண்டுகளாகக் கரையோரத்தில் பாய்ப்படகு ஓட்டிப் பழகியவர்களே. வாங்குவதற்கு 45 அடி நீளமுள்ள ஒரு படகையும் பார்த்து வைத்திருந்தார்கள். அதன் படங்களை அனுப்பி, "மாமா, பெரிய படகு என்றால் பாதுகாப்பும் பெரிதல்லவா?" என்று கேட்டிருந்தாள். சேமிப்பில் பாதிக்கு மேல் போய்விடும் விலை. அதனால் கடிதத்தில் பதில் எழுதாமல் நானே நேரில் சென்றேன்.

பெரிய படகு அலையில் குறைவாக ஆடும் என்பது உண்மை. ஆனால் காற்றின் விசை, வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப வளரும். மணிக்குப் பத்துக் கடல் மைல் வேகத்தில் வீசிய காற்று இருபதாகும்போது பாயின் மீது விழும் விசை இரட்டிப்பாவதில்லை, நான்கு மடங்காகிறது. பாய் பெரிதாக இருந்தால் அந்த நான்கு மடங்கையும் இரவு இரண்டு மணிக்கு ஒரே ஒருவர் அடக்கியாக வேண்டும். இருவர் செல்லும் படகு என்று நாம் சொல்கிறோமே தவிர, கடலில் அது எப்போதும் ஒருவர் ஓட்டும் படகே. ஒருவர் விழித்திருக்க, மற்றவர் உறங்குகிறார். உறங்குபவர் நோயுற்றாலோ, கடலில் விழுந்தாலோ, எஞ்சியவர் தனியாகக் கரை சேர்க்க வேண்டும். ஆகவே நான் கேட்ட முதல் கேள்வி படகைப் பற்றியது அன்று. "மாப்பிள்ளை கைகட்டி உட்கார்ந்திருக்கட்டும், நீ ஒருத்தியே பாயை ஏற்று, சுருக்கு, நங்கூரத்தை இறக்கி மீண்டும் எடு. உன்னால் முடிகிறதா, பார்" என்றேன். 45 அடிப் படகில் மின்சாரத்தால் சுழலும் உருளை இருந்ததால் பாய் ஏறிவிட்டது. மின்சாரத்தை நிறுத்தச் சொன்னேன். பாதியில் அவள் கைகள் நின்றுவிட்டன.

இந்த இடத்தில் நம் நாட்டுப் பெண்கள் இருவரின் பெயரைச் சொல்லி என்னை மறுக்க விரும்புபவர்கள் இருப்பார்கள். இந்தியக் கடற்படையைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் தில்னாவும், புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபாவும் 2024 அக்டோபர் 2ஆம் நாள் கோவாவிலிருந்து புறப்பட்டு, தென்னமெரிக்காவின் ஹார்ன் முனையைச் சுற்றி, 2025 மே மாத இறுதியில் கோவாவிற்கே திரும்பினார்கள். அவர்கள் சென்ற தாரிணி 56 அடி நீளமுள்ளது, கோவாவிலேயே கட்டப்பட்டது. இருவரால் அவ்வளவு பெரிய கலத்தை உலகம் முழுவதும் ஓட்ட முடிந்ததே என்றால், முடிந்தது. அந்தப் பயணத்திற்கென்றே ஆண்டுக்கணக்கில் பயிற்சி பெற்ற இளம் அதிகாரிகளுக்கு முடிந்தது. அவர்களை வணங்குவோம். அவர்களைப் பார்த்து நம் படகின் நீளத்தைத் தீர்மானிக்க வேண்டாம்.

கணவனும் மனைவியுமாகக் கடலில் வாழ்ந்தவர்களின் கணக்கு வேறு. எரிக் ஹிஸ்காக், சூசன் ஹிஸ்காக் என்னும் ஆங்கிலத் தம்பதியர் 1952இல் கட்டிய மூன்றாம் வாண்டரர் என்னும் படகு ஏறத்தாழ 30 அடி நீளமே உடையது. அதில் அவர்கள் இரண்டு முறை உலகைச் சுற்றி வந்தார்கள். லின் பார்டி, லாரி பார்டி என்பவர்களின் செராஃபின் இன்னும் சிறியது. 24 அடிதான், இயந்திரமும் கிடையாது. நம் பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்டு 1964இல் நீரில் இறங்கிய சுஹைலி 32 அடி. அதில்தான் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 1969 ஏப்ரலில், எங்கும் நில்லாமல் தனியாக உலகைச் சுற்றிய முதல் மனிதர் என்ற புகழை அடைந்தார். 312 நாள் ஆயிற்று. வேகமான படகு அன்று; முழுதாகத் திரும்பி வந்த படகு. அவர் ஒருவர்தான் அந்தப் போட்டியை முடித்தார்.

வேகத்தைப் பற்றி ஒரு சொல். நீரைப் பிளந்து செல்லும் படகின் வேகத்திற்கு அதன் நீர்மட்ட நீளமே எல்லை வகுக்கிறது. அந்த நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்க மூலத்தை 1.34ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை கடல் மைல் என்பது கிடைக்கும். 25 அடிக்கு 6.7, 36 அடிக்கு 8. லங்காவியிலிருந்து காலிக்கு ஏறத்தாழ 1,200 கடல் மைல். சராசரி ஐந்து மைல் போனால் பத்து நாள். ஆறு மைல் போனால் எட்டு நாளும் சில மணியும். இந்த ஒன்றரை நாளுக்காகச் சேமிப்பைக் கரைக்க வேண்டுமா என்று கேட்டேன். மாப்பிள்ளை சிரித்துவிட்டார்.

நீளத்தைவிடப் பெரிய கேள்வி, கவிழ்ந்தால் எழுமா என்பது. தஞ்சாவூர்க்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. நம் வீட்டுக் கொலுவில் நிற்கும் ராஜா ராணிப் பொம்மையை எப்படித் தள்ளினாலும் எழுந்து நிற்கிறது. அதன் வயிற்றின் அடியில் எடை, மேலே லேசு. கடலோடும் படகிலும் இதுவே இரகசியம். படகின் அடியில் முதுகெலும்புபோல் ஓடும் ஏராக்கட்டையில் ஈயமோ இரும்போ பொருத்தப்பட்டிருக்கும். படகின் மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் அது இருப்பது நல்லது. தொண்ணூறு பாகை சாய்ந்து பாய்மரம் நீரைத் தொட்ட பிறகும், நூற்றிருபது பாகை வரையிலாவது தானே நிமிரும் தன்மை வேண்டும்.

இதை உலகம் ஒரு துயரத்தின் வழியாகக் கற்றது. 1979 ஆகஸ்டில் இங்கிலாந்தின் தென்மேற்கே நடந்த ஃபாஸ்ட்நெட் பந்தயத்தில் 303 படகுகள் புறப்பட்டன. புயலில் சிக்கிப் பதினைந்து பந்தய வீரர்கள் இறந்தார்கள். 24 படகுகளை ஆட்கள் கைவிட்டார்கள். ஆனால் அவற்றுள் மூழ்கியவை ஐந்துதான். மற்றவை மிதந்துகொண்டே இருந்தன. அந்தப் புயலுக்குப் பிறகு ஓர் எளிய கணக்கு வழக்கில் வந்தது. படகின் எடையை ராத்தலில் எடுத்து 64ஆல் வகுக்க வேண்டும். ஒரு கன அடிக் கடல்நீரின் எடை 64 ராத்தல். வருவதற்குக் கன மூலம் கண்டு, அதனால் படகின் அகலத்தை அடியில் வகுக்க வேண்டும். விடை இரண்டுக்குக் கீழே இருந்தால் ஆழ்கடலுக்கு ஏற்றது. 45 அடிப் படகின் அகலம் 14 அடி, எடை 20,000 ராத்தல், விடை 2.06. அடுத்த துறையில் விலைக்கு நின்ற 33 அடிப் பழம் படகின் அகலம் பத்தரை அடி, எடை 14,000 ராத்தல், விடை 1.74. இரண்டையும் தாளில் எழுதி அவர்கள் முன் வைத்தேன். இந்தக் கணக்கை வேதவாக்காகக் கொள்வதற்கில்லை. எடை எவ்வளவு என்று அது கேட்கிறதே தவிர, எடை மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று கேட்பதில்லை. பொம்மையின் தலையில் ஈயத்தை ஊற்றினாலும் அதே விடைதான் வரும்.

அதிராம்பட்டினத்து வத்தையைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? மூன்று பாய்மரம்; தட்டையான அடிப்பாகம்; காற்றுக்குப் பக்கவாட்டில் நழுவாமல் இருக்க, நீரில் இறக்கும் பக்கப் பலகைகள்; குறுக்கே நீளும் ஒரு பலகையில் ஆட்கள் ஏறி நின்று தங்கள் உடல் எடையாலேயே படகைச் சமன்செய்வார்கள். சேறும் ஆழமின்மையும் உள்ள பாக் நீரிணைக்கு அதைவிட அறிவான படகு இருக்க முடியாது. ஆனால் அதில் சமன்செய்யும் எடை மனிதனே. பத்து நாள் இரவும் பகலும் பலகை மேல் நிற்க இருவரால் ஆகுமா? கடல்தான் படகைத் தீர்மானிக்கிறது. இரட்டை உடற்படகுக்கும் இதே நியாயம். நம் கட்டுமரத்தின் பெயரை எடுத்துக்கொண்டு, கட்டாத இரண்டு உடல்களுக்கு வைத்துவிட்டார்கள், அது போகட்டும். அவ்வகைப் படகு சாயாமல் செல்லும், வீடுபோல் வசதியாக இருக்கும். ஆனால் ஒருமுறை கவிழ்ந்தால் கவிழ்ந்தபடியே மிதக்கும். கரையோரத் தீவுகளுக்கு நான் அதை மறுக்க மாட்டேன்.

படகு வாங்குபவர்கள் உள்ளே இறங்கியதும் முதலில் பார்ப்பது கட்டிலை. அகலமான மெத்தை துறைமுகத்தில் சுகம். கடலில் அதில் உருண்டு கொண்டிருக்கலாம், உறங்க முடியாது. நடுப்பகுதியில் உடல் அகலமே உள்ள ஒடுங்கிய படுக்கையும், விழாமல் தடுக்கும் துணித் தட்டியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். உறக்கம் கெட்ட மாலுமி தவறு செய்வான். தண்ணீர்த் தொட்டி, ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் வீதம் முப்பது நாளுக்கு 240 லிட்டர் கொள்ள வேண்டும். பயணம் பத்து நாளானாலும் கணக்கு முப்பதுக்கே. சுக்கானைப் பிடிக்கக் காற்றுத்தகட்டு இயக்கி ஒன்று வேண்டும். காற்றின் திசையைத் தானே உணர்ந்து, மின்சாரம் இன்றிப் படகை நேரே செலுத்தும் அந்தக் கருவி, சோறு கேட்காத மூன்றாம் ஆள்.

பழம் படகில் பயப்பட வேண்டியவை கண்ணுக்குத் தெரியாத இடங்கள். 2014 மே மாதம் அட்லாண்டிக் கடலில் சீக்கி ராஃபிகி என்னும் 40 அடிப் படகின் ஏராக்கட்டை கழன்றது, நால்வரும் திரும்பவில்லை. அதனால் படகை நீரிலிருந்து கரையேற்றி, தகுந்த பரிசோதகர் ஒருவரை வைத்து, அடிப்பாகத்தைச் சிறு சுத்தியலால் அங்குலம் அங்குலமாகத் தட்டிக் கேட்க வேண்டும். பழுதுள்ள இடத்தில் ஓசை மங்கும். பானை வாங்கும் நம் பெண்களுக்கு இது தெரிந்த வித்தைதான். நாங்கள் அப்படித் தட்டியபோது அடிப்பாகம் நன்றாகவே ஒலித்தது. ஆனால் பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் தளத்தோடு இணையும் உலோகத் தகடுகளில், தளத்திற்குக் கீழே மறைந்த பகுதியில், இரண்டு விரல் நீளத்திற்குத் துரு அரித்திருந்தது. சுக்கானின் ஆணி ஒன்றும் தேய்ந்திருந்தது. விற்பவர் அவற்றின் செலவை விலையில் குறைத்துக்கொண்டார்.

கடைசிச் சோதனை மாப்பிள்ளையின் யோசனை. மிதவைச் சட்டை அணிந்து துறைமுக நீரில் குதித்து, கையையும் காலையும் அசைக்காமல் மயங்கியவர்போல் மிதந்தார். எழுபத்தைந்து கிலோ எடை. நம் ஊரில் ஒரு நெல் மூட்டை. மனைவி அவரைத் தனியாக மேலே ஏற்ற வேண்டும். உயர்ந்த சுவருடைய 45 அடிப் படகில் அரைமணி நேரம் போராடினாள், முடியவில்லை. கரையில் நின்றவர்கள் முதலில் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு அவர்களும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். 33 அடிப் படகின் சுவர் தாழ்வானது. பாய்க்கட்டையின் நுனியில் கப்பிக் கயிற்றை மாட்டி, அவர் சட்டையின் வளையத்தில் கோத்து, சிறிது சிறிதாக இழுத்தாள். பதினொரு நிமிடத்தில் அவர் தளத்தில் கிடந்தார். அவள் எதுவும் சொல்லவில்லை. ஈரமான அவர் தலையைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டு, "இந்தப் படகுதான், மாமா" என்றாள்.

புறப்படும் காலம் ஜனவரி என்று வைத்திருக்கிறோம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலின் குணத்தை ஒரத்தநாட்டுக்காரர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. 2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் எங்கள் தென்னைகளை ஒரே இரவில் சாய்த்த காட்சியை நாங்கள் மறக்கவில்லை. புயற்காலம் தணிந்த பிறகு வடகிழக்கிலிருந்து வீசும் காற்று, லங்காவியிலிருந்து மேற்கே செல்பவர்களுக்குப் பெரும்பாலும் பின்னிருந்தே துணை செய்யும். சென்ற வாரம் வந்த கடிதத்தில், சுக்கானின் ஆணியும் தகடுகளும் மாற்றியாகிவிட்டன என்றும், பாய்மரக் கம்பிகள் மட்டும் பாக்கி என்றும் எழுதியிருந்தாள். அடியில் ஒரு வரி சேர்த்திருந்தாள்: படகின் மேசையில் வைக்க, தஞ்சாவூர்க் கடைத்தெருவில் நல்ல ராஜா ராணிப் பொம்மை ஒரு ஜோடி வாங்கி அனுப்ப வேண்டுமாம்.