கடல் கடந்த சபையும் வாயிற் காவலும்

எமது கல்லூரியின் பழைய மாணவர் இன்று யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் மட்டுமன்றி இலண்டன், ரொறன்ரோ, மெல்பேண் முதலிய நகரங்களிலும் பரந்து வாழ்கின்றனர். 2020ஆம் ஆண்டுத் தொற்றுநோய்க் காலந்தொட்டு இவர்கள் இணையவழியே ஒரு சபையாகக் கூடுவது வழக்கமாயிற்று. அச்சபையைச் சுவைபட நடத்துவதும் அந்நியர் புகாவண்ணம் காப்பதும் வேறு வேறு காரியங்கள் போலத் தோன்றும். எமக்கு அவை ஒன்றே. உள்ளே இருப்பவர் யாரென்று அறியாதவிடத்து எவரும் மனம் விட்டுப் பேசார்.

'சூம்' வழிக் கூட்டங்களிற் பங்குபற்றுவோர் தொகை 2019 டிசெம்பரில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 கோடி. 2020 மார்ச்சில் 20 கோடி. இது அந்நிறுவனமே வெளியிட்ட கணக்கு. அம்மாத இறுதியில், வகுப்புகளுள் அந்நியர் புகுந்து வசைமொழி கூறுவதுபற்றி அமெரிக்கக் கூட்டரசுப் புலனாய்வுப் பணியகம் எச்சரித்தது. புகுந்தோருட் பலர் பூட்டை உடைத்தவர் அல்லர். பொதுவிடத்தில் வெளியிட்ட இணைப்பைக் கண்டு நுழைந்தவரே. அடுத்த மாதமே கடவுச்சொல்லும் காத்திருப்பறையும் இயல்பாகவே அமையும்படி அந்நிறுவனம் ஏற்பாடு செய்தது. ஆயினும், கடவுச்சொல்லையும் சேர்த்து இணைப்பை முகநூலில் இடுவோர் இன்றும் உளர். வீட்டுத் திறப்பைச் சங்கடப்படலையிற் கொழுவிவிட்டுக் கோயிலுக்குப் போவதை இது ஒக்கும்.

காத்திருப்பறையில் 'ஐபோன்' என்ற பெயருடன் நிற்பவர் எமது முன்னாள் ஆசிரியராகவும் இருக்கலாம்; எவனோ ஒரு வம்பனாகவும் இருக்கலாம். ஆகவே பெயரையும் கல்லூரியை விட்டு நீங்கிய ஆண்டையும் முன்னரே பதிந்து, அப்பெயருடனேயே வருமாறு அங்கத்தவரைக் கேட்டல் வேண்டும். வாயிற் காவலைத் தலைவர் தம் தலையில் ஏற்றுக்கொள்ளலாகாது. இளைய அங்கத்தவர் ஒருவரை இணைத் தொகுப்பாளராக நியமித்து, திரையிற் காட்சிப்படுத்தும் உரிமையை அவ்விருவர்க்கு மாத்திரம் வைத்துக்கொள்வது நன்று. அனைவரின் ஒலியையும் ஒளியையும் ஒருங்கே நிறுத்தும் விசை ஒன்று 2020 நவம்பர் முதல் உண்டு. அஃது எங்கே இருக்கிறதென்பதைக் கூட்டத்துக்கு முதல்நாளே பார்த்துவைத்தல் வேண்டும்.

இனி நேரம். யூலை மாதத்தில் இங்கு மாலை 5 மணியாயின், ரொறன்ரோவிற் காலை 7.30, இலண்டனில் நண்பகல் 12.30, மெல்பேணில் இரவு 9.30. நாலிடத்தாரும் விழித்திருக்கும் வேளை இதுபோலச் சிலவே. அதனை வரவேற்புரைக்கும் வாழ்த்துரைக்கும் செலவிடுவது அநியாயம். அறிக்கைகளை முன்கூட்டியே அனுப்பிவிட்டாற் கூட்டம் முழுவதும் உரையாடலுக்கு எஞ்சும். ஸ்ரான்போட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெரெமி பெய்லென்சன் 2021இல் எழுதிய கட்டுரையில், திரைக் கூட்டங்கள் களைப்புத் தருவதற்குக் கூறிய காரணங்களுள் ஒன்று, தன் முகத்தைத் தானே ஓயாது பார்த்திருத்தல். தம் பிம்பத்தைத் தம் திரையில் மறைக்கும் வழியை முதியோர்க்குச் சொல்லிக்கொடுத்தால் அவர்கள் நெடுநேரம் இருப்பர். பழைய கதைகளைச் சொல்ல வல்லார் அவர்களே அல்லரோ?

வாக்கெடுப்பில் ஓர் இடர் உண்டு. தந்தையும் மகனும் ஒரே கணினியின் முன் அமர்ந்திருப்பர், இருவரும் அங்கத்தவர், இயந்திரமோ ஒரு வாக்கையே எண்ணும். இவ்விடத்துக் காரியதரிசி இடாப்பை எடுத்துப் பெயர் கூப்பிடுவதே முறை.