ஆங்கில வினாத்தொடர்களும் தமிழ் வினாமரபும்: செஞ்சிக் கோட்டைத் தொடர்களை முன்வைத்து

முன்னுரை

யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் 2025 ஜூலையில் இடம்பெற்ற மராட்டியர் படைத்தள அமைப்புகள் 12இனுள் தமிழ்நாட்டைச் சேர்ந்தது செஞ்சிக் கோட்டை ஒன்றே. இத்தகைய இடங்களில் உள்ளூராரும் அயல்நாட்டுப் பயணியரும் உரையாட ஆங்கிலமே பெரிதும் இடைமொழியாகிறது. தமிழர் பேசும் ஆங்கிலத்தில் வினாவும் விடையும் பிறழ்வதற்குச் சொல்லறிவின் குறைவைக் காட்டிலும் இருமொழிகளின் வினா அமைப்பு வேறுபாடே முதன்மைக் காரணம் என்பது இக்கட்டுரையின் கருத்து. அவ்வேறுபாட்டைத் தமிழ் இலக்கண மரபின்வழி இது விளக்குகிறது. ஆங்கிலத் தொடர்கள் தமிழெழுத்தில் தரப்படுகின்றன.

வினாவின் இடம்

தொல்காப்பிய நூன்மரபு ஆ, ஏ, ஓ என்னும் மூன்றனை வினாவாகச் சுட்டுகிறது. நன்னூல் எ, யா என்பனவற்றையும் சேர்த்து ஐந்தாக்கி, எ, யா சொல்லின் முதலிலும் ஆ, ஓ ஈற்றிலும் ஏ ஈரிடத்தும் வரும் என வரையறுக்கிறது. தமிழில் வினா, சொல்லோடு சேர்ந்து நிற்கும் உறுப்பு. அதற்காகச் சொல்வரிசை மாறவேண்டுவதில்லை.

'சிவாஜி 1677இல் செஞ்சியைக் கைப்பற்றினார்' என்னும் தொடரைக் கொள்வோம். சிவாஜியா, 1677இலா, செஞ்சியையா, கைப்பற்றினாரா என ஆகாரம் எச்சொல்லை அடைகிறதோ அச்சொல்லே வினவப்படுபொருளாகிறது. ஆங்கிலத்திலோ 'டிட் சிவாஜி கேப்சர் செஞ்சி?' என்னும் ஒரே எழுத்துவடிவம் இவற்றுட் பலவற்றுக்கும் பொதுவாக நிற்கும். வேறுபாட்டைக் குரலழுத்தம் காட்டும். அல்லது 'வாஸ் இட் சிவாஜி ஹூ கேப்சர்ட் செஞ்சி?' எனத் தொடரையே பிரித்தமைக்க வேண்டும்.

துணைவினையின் இடமாற்றம்

ஆங்கிலத்தில் வினாப்பொருளைத் தருவது துணைவினை எழுவாய்க்கு முன் செல்லுதல். துணைவினை இல்லாத தொடரில் 'டூ' என்பது வருவிக்கப்படும். காலம் காட்டும் பணியை அதுவே ஏற்பதால் முதன்மைவினை காலவிகுதியை இழக்கும். 'கேப்சர்ட்' என்பது 'கேப்சர்' ஆனது இதனால்தான். 'டிட் சிவாஜி கேப்சர்ட்' என்பது காலத்தை இருமுறை காட்டும் வழு.

'வென் டிட் சிவாஜி கேப்சர் செஞ்சி?' என வினாச்சொல் முதலில் வரும்போதும் இடமாற்றம் உண்டு. இரண்டு இடங்களில் அது நிகழாது. வினாச்சொல்லே எழுவாயாயின் 'ஹூ கேப்சர்ட் செஞ்சி?' என்றே அமையும். வினா வேறொரு தொடருள் அடங்கின் 'டூ யூ நோ வென் சிவாஜி கேப்சர்ட் செஞ்சி?' என உட்தொடர் இயல்பான வரிசையிலேயே நிற்கும். இவ்வியல்வரிசையையே நேர்வினாவுக்கும் கொள்வதால் 'வென் சிவாஜி கேப்சர்ட்?' என்னும் வழு பிறக்கிறது.

எதிர்மறை வினாவும் விடையும்

தொல்காப்பியக் கிளவியாக்கம் வினாவும் விடையும் வழுவாது காக்கப்பட வேண்டும் என்கிறது. அதன் தேவை எதிர்மறை வினாவில் புலனாகும். இராசகிரியில் ஏறவிருக்கும் பயணி ஒருவர், மேலே குடிநீர் விற்பதில்லையா என்னும் பொருளில் 'டோன்ட் தே செல் வாட்டர் அப் தேர்?' என வினவுவதாகக் கொள்வோம். 'ஆம், விற்பதில்லை' என்னும் தமிழ்வழக்கை உட்கொண்டு ஒருவர் 'எஸ்' என்று மட்டும் விடை கூறின், விற்கிறார்கள் என்றே பயணி கொள்வார், நீரின்றி மலையேறுவார். தமிழில் 'ஆம்' வினவியவர் கூற்றோடு உடன்படுகிறது. ஆங்கிலத்தில் 'எஸ்' விடைத்தொடரின் உடன்பாட்டைக் குறிக்கிறது.

தொடரின் இறுதியில் சேரும் ஒட்டுவினாவும் இத்தகையதே. தமிழ் 'இல்லையா' எல்லாத் தொடர்க்கும் பொது. ஆங்கிலத்தில் அது எழுவாய், துணைவினை, உடன்பாடு எதிர்மறை ஆகியவற்றுக்கேற்ப மாறும். 'சிவாஜி கேப்சர்ட் செஞ்சி' என்பதற்கு 'டிடின்ட் ஹி' என்பதே ஏற்றது. தமிழ்வழக்கின் சாயலில் 'இஸன்ட் இட்' எங்கும் வழங்கப்படுகிறது.

பயன்வழிப் பாகுபாடு

மேற்கண்டவை வடிவவழி வேறுபாடுகள். நன்னூலின் அறிவு, அறியாமை, ஐயம், கொளல், கொடை, ஏவல் என்னும் அறுவகையோ வினவுவோர் நோக்கத்தைப் பற்றியது. இப்பாகுபாடு ஆங்கிலத்துக்கும் பொருந்துகிறது. 'ஹேவ் யூ காட் எனி வாட்டர்?' என்பது கடையில் கொளல்வினா. 'வுட் யூ லைக் சம் வாட்டர்?' என்பது கொடைவினா. முன்னதில் 'எனி'யும் பின்னதில் 'சம்'மும் வருவதை வடிவவிதி மட்டும் கொண்டு விளக்க இயலாது. 'குட் யூ வெயிட் ஹியர்?' என்பது ஆற்றலை வினவாமல் காத்திருக்க வேண்டுவதால் ஏவல்வினாவாகும்.

முடிவுரை

தமிழ் வினா சொல்லை ஒட்டி நிற்கிறது. ஆங்கில வினா துணைவினையின் இடமாற்றத்தால் அமைகிறது. எதிர்மறை வினாவின் விடையில் இருமொழிகளும் எதிர்த்திசையில் செல்கின்றன. எனவே ஆங்கில வினாவைக் கற்பிப்போர் நன்னூலின் பயன்வழிப் பாகுபாட்டில் தொடங்கிப் பின்னர் வடிவத்தைப் பயிற்றுவித்தல் நன்று. எதிர்மறை வினாவுக்கு 'எஸ்', 'நோ' என்று மட்டும் கூறாது 'நோ, தே டோன்ட்' என முழுவிடை கூறும் பழக்கத்தை முதலிலேயே ஏற்படுத்துதல் வேண்டும்.