வாயால் உறிஞ்சாத பிப்பெட்

உயிரித் தொழில்நுட்பக் காப்புரிமை என்றதும் மரபணு, மருந்து என்றுதான் நினைவு ஓடும். ஆனால் அந்தத் துறையைத் தூக்கி நிறுத்தியதில் பெரும்பங்கு, திரவத்தை அளந்துவிடும் பிப்பெட் என்ற ஒரு கைக்கருவிக்கு உண்டு. 1950களிலும் பல ஆய்வகங்களில் கண்ணாடிக் குழாயை வாயில் வைத்து உறிஞ்சித்தான் அளந்தார்கள். அமிலமும் கிருமியும் வாய்க்குள் போய்விடும் அபாயம் எப்போதும் இருந்தது. ஜெர்மனியின் மார்பர்க் நகரில் ஹைன்ரிக் ஷ்னிட்கர் 1957இல் மாற்று ஒன்றை உருவாக்கிக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஸ்பிரிங் வைத்த பிஸ்டன், கழற்றி மாற்றும் பிளாஸ்டிக் முனை, அவ்வளவுதான். கட்டைவிரலால் அழுத்தினால் அளந்த திரவம் இறங்கும். இன்னும் சற்று அழுத்தினால் முனையில் ஒட்டிய கடைசித் துளியையும் காற்று தள்ளிவிடும். திரவம் பிஸ்டனைத் தொடுவதே இல்லை.

இது வெறும் இயந்திர சாமர்த்தியம், இதில் உயிரியல் எங்கே என்று கேட்கலாம். டிஎன்ஏவைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் சோதனையில் ஒரு குழாயில் இருப்பது பெரும்பாலும் 20 முதல் 50 மைக்ரோலிட்டர்; மில்லிலிட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோலிட்டர். பழைய முனையில் தங்கிய துளி கலந்தாலே முடிவு பொய்யாகிவிடும். திரவத்தை அளந்துவிட ரோபோக்கள் வந்துவிட்டனவே என்றால், அவற்றில் பலவும் இன்றும் பிஸ்டனும் கழற்றும் முனையும் கொண்டுதான் வேலை செய்கின்றன.