குனிந்து பார்த்தால் தெரியும் வயசு

ஒலுவில் துறைமுகத்தில் மீன் ஏற்றக் காத்து நிற்கிற பெட்டிகளை நின்றவாக்கில் பார்த்தால் பாதிக்கு மேல் புதுசு. நீலமும் சிவப்புமாகப் பளபளக்கும், பின்கதவில் மஞ்சள் எழுத்தில் உரிமையாளர் பேரும் ஊரும் இருக்கும். குனிந்து அடிப்பக்கம் பார்த்தால்தான் வயசு தெரியும். குறுக்குச் சட்டத்தில் பெயிண்ட் கொப்பளித்திருக்கும், வெல்டிங் வைத்த மூலைகளில் தேயிலைச் சாயம் வடிந்த மாதிரிக் கோடு இறங்கியிருக்கும். வாங்கி ஒரு மழைகூட முழுதாகக் கண்டிராத பெட்டியாக இருக்கும் அது.

பெட்டி என்றால் இந்தப் பக்கத்தில் ட்ரெயிலர். உழவு மெஷினில் கொளுவுவது பெரிய பெட்டி, லேண்ட்மாஸ்டரில் கொளுவுவது சின்னப் பெட்டி. துரு என்று நாங்கள் பள்ளிக்கூடத்தில்தான் எழுதினோம். வீட்டில் அது கறள்.

என் மச்சான் ஒரு சின்னப் பெட்டி வாங்கினார். சிறுபோக அறுவடை முடிந்து கையில் காசு நின்ற செப்டெம்பர் மாதம். நெல், பசளை, செங்கல் என்று பகலில் ஓடும், இருந்துவிட்டுத் துறைமுகத்துக்கு மீன் ஏற்றவும் போகும். ஜனவரியில் பக்கப் பலகைத் தகரத்தின் கீழ்விளிம்பு முழுக்கக் கொப்பளம். விரலால் அழுத்தினால் பெயிண்ட் நொறுங்கி உள்ளே செம்மண் மாதிரித் தூள் கொட்டியது. விற்றவர்களிடம் கொண்டு போனார். அவர்கள் கேட்ட முதல் கேள்வி, "கடற்கரைக்குக் கொண்டு போனீங்களா?" போயிருந்தால் உத்தரவாதம் செல்லாதாம். பிரதான வீதியிலிருந்து கடலுக்கு நடந்தே போகிற நிந்தவூரில், கடற்கரைக்குப் போகாத பெட்டி எங்கே இருக்கிறது என்று மச்சான் திருப்பிக் கேட்டார். பதில் வரவில்லை. பெட்டி திரும்பி வந்தது.

கல்முனைப் பக்கம் ஒரு வெல்டிங் பாஸிடம் காட்டினோம். அவர் சுத்தியலைக்கூட எடுக்கவில்லை. பழைய உளி ஒன்றால் விளிம்பை நெம்பினார். பெயிண்ட் உள்ளங்கை அகலத்துக்கு ஒரே தோலாக உரிந்து வந்தது. உரிந்த தோலின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார், அதில் நீலக்கருப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. "இது கறள் இல்ல தம்பி. இரும்பு ஆலையிலிருந்து வரக்குள்ளேயே வாற பொருக்கு. இதக் கழட்டாமலே அடிச்சிருக்கானுகள்."

கதை அந்தப் பொருக்கில்தான் இருக்கிறது. பழுக்கக் காய்ச்சி உருளைகளுக்கிடையில் தகடாக உருட்டும்போது இரும்பின் மேற்பரப்பு காற்றோடு சேர்ந்து ஒரு மெல்லிய ஒட்சைட்டுப் படலம் படிகிறது. பார்க்க அழகாக, பூச்சு வைத்த மாதிரியே இருக்கும். ஆனால் அது கண்ணாடி மாதிரி விறைத்தது, தகட்டை வளைத்தாலும் வெட்டினாலும் மயிரிழையாக வெடிக்கும். வெடிப்புக்குள் ஈரம் போனதும் பொருக்கும் இரும்பும் மின்கலத்தின் இரண்டு முனைகளாகிவிடும், கரைவது இரும்பு. கறளாகிற இரும்பு முன்பிருந்ததைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அது பருத்து எழும்பும்போது பொருக்கு கழன்றுவிடும், பொருக்கின் மேல் ஒட்டியிருந்த பெயிண்டும் கூடவே வரும். எத்தனை விலை கூடிய பெயிண்டாக இருந்தாலும் அது பிடித்திருந்தது பொருக்கை, இரும்பை அது தொட்டதே இல்லை.

நல்ல பட்டறையில் மணல் மாதிரிக் கூரான துகள்களைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சி இரும்பை வெண்சாம்பல் நிறத்துக்குக் கொண்டு வருவார்கள். அதற்கு இயந்திரம் வேண்டும், நேரம் வேண்டும், காசும் வேண்டும். விற்பனைக்கு நிற்கிற பெட்டியில் இந்த வேலை யார் கண்ணிலும் படாது. பளபளப்புத்தான் படும். அதனால் காசெல்லாம் பளபளப்புக்குப் போகிறது.

மற்றக் குறைகளையும் பாஸ் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். வெட்டிய எல் அயனின் கூர்விளிம்பை அரவியிருக்கவில்லை. ஈரப் பெயிண்ட் கூர்விளிம்பில் நிற்காது, இரண்டு பக்கமும் வழிந்து விளிம்பில் பெயருக்கு ஒரு படலம் மிஞ்சும். கறள் எப்போதும் விளிம்பில் தொடங்குவதற்கு இதுதான் காரணம். வெல்டிங்கை ஓட்டமாக வைக்காமல் இரண்டங்குலம் விட்டு இரண்டங்குலம் பொட்டு வைத்திருந்தார்கள். இடையில் இருக்கிற கடதாசி அளவு இடுக்கு தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், வெயிலில் எல்லாம் காய்ந்த பிறகும் அது காயாது. பொக்ஸ் பாரின் வாயை மூடாமல் விட்டிருந்தார்கள். உள்ளே விரலை விட்டுப் பார்த்தேன், ஒரு துளி பெயிண்ட் இல்லை. வெளியிலிருந்து பார்க்க உறுதியாகத் தெரிகிற சட்டம் உள்ளிருந்து அரித்துக்கொண்டு வருகிறது.

பிழை முழுக்கத் தொழிற்சாலையில்தான் என்று சொன்னால் எங்கள் காற்றுக்கு அநியாயம் செய்ததாகும். கறியுப்பு, காற்றின் ஈரப்பதம் 75 வீதத்தைத் தாண்டினால் தானாகவே ஈரத்தை இழுத்து நீராகிவிடும். கடலுப்பில் கலந்திருக்கிற மக்னீசியம் குளோரைட்டுக்கு 33 வீதமே போதும். கடற்கரை ஊரில் ராவில் ஈரப்பதம் 75-க்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஆகவே உப்புப் படிந்த இரும்பு மழை பெய்யாமலே நனைந்திருக்கிறது. காற்றின் அரிப்பை வகைப்படுத்துகிற ஐஎஸ்ஓ 9223 என்ற சர்வதேசத் தரநியமம் சி5 என்ற கடுமையான வகையில், பூச்சில்லாத இரும்பு முதல் வருடத்தில் 80 முதல் 200 மைக்ரோன் வரை கரையும் என்கிறது. தகடு 2 மில்லிமீற்றர். அரிப்பு உள்ளும் புறமும் நடக்கும். மிச்சக் கணக்கை வாசகரே போடலாம்.

இதில் காலத்தின் விளையாட்டும் உண்டு. ஆவணி, புரட்டாதி வரை இங்கே அடிப்பது கச்சான். தரையிலிருந்து கடலுக்குப் போகிற உலர்ந்த காற்று, உப்பைக் கடலுக்கே திருப்பித் தள்ளும். வாடை திரும்பியதும் எல்லாம் மாறும். வடகீழ்ப் பருவத்தில் அலை உடைந்து எழும் தூவல் நேராக ஊருக்குள் வரும், கூடவே மழை. பெட்டிகள் விலைபோவது கச்சானில், கறள் எட்டிப் பார்ப்பது வாடையில். 2003-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தில் குறையுள்ள பொருளைப் பற்றி எழுத்தில் முறையிட வழி இருக்கிறது, மாற்றிக் கொடுக்கவோ காசைத் திருப்பிக் கொடுக்கவோ அதிகார சபை உத்தரவிடலாம். ஆனால் விற்ற நாளிலிருந்து 3 மாதத்துக்குள் முறையிட வேண்டும். செப்டெம்பரில் வாங்கிய மச்சானுக்கு டிசம்பரோடு கதவு சாத்தியாயிற்று. கொப்பளம் தெரிந்தது ஜனவரியில். சட்டத்தை எழுதியவர்கள் மிக்சியையும் மின்விசிறியையும் மனதில் வைத்திருக்கலாம், பெரும்போகத்தை வைத்திருக்கவில்லை.

நாங்களும் ஒத்தாசை செய்கிறோம். வயலுக்கு ஏற்றுகிற எம்ஓபி பசளை பொட்டாசியம் குளோரைட், அதுவும் ஓர் உப்புத்தான். கிழிந்த பையிலிருந்து சிந்தியதைக் கூட்டித் தள்ளிவிட்டு அடுத்த நாள் அதே பெட்டியில் மீன் ஏற்றுவோம். ஐஸ் உருகி, கடல் தண்ணீரும் மீன் இரத்தமுமாகத் தரைப் பலகைக்குக் கீழே ஒழுகும். பலகைக்கும் சட்டத்துக்கும் இடையில் அது தங்கிவிடும். மேல்பக்கத்தைத் தண்ணீர் அடித்துக் கழுவுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அடிப்பக்கம் கழுவுகிறவரைப் பார்த்ததே குறைவு. சிலர் பழைய எஞ்சின் ஓயிலைப் பூசுகிறார்கள். கொஞ்ச நாள் தாங்கும். பிறகு அதில் மணல் ஒட்டி ஈரத்தைப் பிடித்து வைக்கும், ஓயில் கழுவுப்பட்டு வாய்க்காலுக்குப் போகும்.

சின்னப் பெட்டி எங்களுக்குப் புதிதில்லை. இலங்கையரான ரே விஜேவர்தன 1950-களில் இங்கிலாந்தின் லேண்ட்மாஸ்டர் நிறுவனத்தோடு சேர்ந்து இரண்டு சில்லு உழவு இயந்திரத்தை உருவாக்கினார். நிறுவனத்தின் பேர் இங்கே இயந்திரத்தின் பேராகவே நின்றுவிட்டது, பின்னால் வந்த ஜப்பான், சீன இயந்திரங்களும் எங்கள் வாயில் லேண்ட்மாஸ்டர்தான். அதற்கு முந்தியது கரத்தை. அதில் இரும்பு என்று பார்த்தால் அச்சும் சில்லுப் பட்டாவும்தான், பட்டா தெருவில் தேய்ந்து எப்போதும் மின்னும். இன்றைய பெட்டியிலும் கொளுக்கியைப் பாருங்கள், தேய்மானம் அதைக் கறளிலிருந்து காப்பாற்றிக்கொண்டே இருக்கிறது.

துறைமுகம்தான் புதிதாக வந்தது. 1994-இல் துறைமுக அமைச்சரான எம்.எச்.எம். அஷ்ரஃபின் கனவு, 2008-இல் டென்மார்க்கின் கடனுதவியோடு வேலை தொடங்கி 2013 செப்டெம்பரில் திறந்தார்கள். வாய்க்குள் மணல் சேர்ந்தது, வடக்கே கரையைக் கடல் அரித்தது, ஆழ்கடல் படகுக்காரர்கள் மணலைத் தோண்டச் சொல்லி எத்தனையோ தடவை வீதிக்கு இறங்கினார்கள். மணலைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. உப்பைப் பற்றி எழுத ஆளில்லை.

உப்போடு ஒத்துப்போனவர்களைத் தேடினால் கடலுக்கு அப்பால் பார்க்க வேண்டும். 1914-இல் திறந்த பாம்பன் பாலத்தை நூற்றாண்டுக்கு மேலாகச் சுரண்டியும் பூசியுமே ரயில்வேக்காரர்கள் வைத்திருந்தார்கள். உலகத்திலேயே கடுமையான அரிப்பு மண்டலங்களில் ஒன்று என்று அதைச் சொல்வார்கள். அருகே மண்டபத்தில் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்தின் நிலையம் உலோகத் துண்டுகளைக் கடற்காற்றில் வைத்து எது எத்தனை நாள் தாங்குகிறதென்று பார்த்து வந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குப் பொலிசிலோக்சேன் என்ற தனிப்பூச்சு. பெட்டிக்கு அவ்வளவு தேவையில்லை. அவுஸ்திரேலியாவில் கரையோரத்தார் விரும்பி வாங்குவது உருகிய நாகத்தில் முக்கியெடுத்த பெட்டி. கல்வனைஸ் என்று நாம் சொல்வது அதைத்தான். இந்த 2 மில்லிமீற்றர் தகட்டில் சுமார் 55 மைக்ரோன் நாகம் ஏறும், கீறல் விழுந்தாலும் நாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கும். சி5 காற்றிலும் 6 முதல் 13 வருடம் வரை கணக்கு வருகிறது. ஆனால் பெட்டி முழுதும் முங்குகிற தொட்டி ஊர் வெல்டிங் கடையில் இருக்காது.

அதனால் பாஸ் சொன்ன யோசனை எனக்குச் சரியென்று படுகிறது. பெயிண்ட் அடிக்காத பெட்டியைக் கேளுங்கள். தர மாட்டோம் என்றால் பெயிண்டுக்குக் கீழே என்ன இருக்கிறதென்று அதிலேயே விளங்கிவிடும். பச்சை இரும்பாக வந்தால் வெல்டிங்கைக் கண்ணால் பார்க்கலாம், ஓட்டமாக வைக்கச் சொல்லலாம், பொக்ஸ் பாரின் வாயை மூடச் சொல்லலாம், கிரைண்டரால் விளிம்பை மழுக்கலாம். ஏற்கெனவே அடித்த பெட்டிதான் கிடைக்கிறதென்றால் காசு கொடுக்க முதல் கீழே படுத்துப் பாருங்கள், நல்ல சாரத்தோடு போகாதீர்கள். வாங்கிய பிறகு துறைமுகத்திலிருந்து திரும்பிய அன்றைக்கே கிணற்றுத் தண்ணீரால் அடிப்பக்கம் கழுவ வேண்டும். முறைப்பாடு இருந்தால் வாடை வரட்டும் என்று காத்திராமல் எழுதிவிட வேண்டும், அதிகார சபையின் அழைப்பு இலக்கம் 1977.

மச்சான் பழைய பெட்டியைக் கழித்துவிட்டு, இந்த வருடம் பாஸிடமே பச்சை இரும்பில் ஒன்று கட்டினார். பொருக்கைக் கிரைண்டரால் சுரண்ட மூன்று நாள் போயிற்று. அடிப்பக்கம்தான் முதலில், இரண்டு தரம் அன்டிகொரோசிவ், விளிம்புகளுக்குத் தூரிகையால் தனியாக ஒரு தரம், அதற்கு மேல் இரண்டு தரம் எனாமல். மேல்பக்கத்துக்கு வரும்போது காசு முடிந்துவிட்டது. அன்டிகொரோசிவோடு நிற்கிறது. அந்தச் செங்காவி நிறமும் இரும்பு ஒட்சைட்டுத்தான், கறளின் சொந்தக்காரன். மேற்பூச்சு இல்லாமல் மழைக்குத் தாங்காது, ஒக்டோபருக்குள் அடித்தாக வேண்டும்.

போன கிழமை துறைமுகத்தில் நீலப் பெட்டிகளின் வரிசையில் அது நின்றது. மீன் வியாபாரி ஒருவர் சுற்றிப் பார்த்துவிட்டு மச்சானிடம் வந்தார். "என்ன காக்கா, கறள் பிடிச்ச பெட்டியோட வந்திருக்கிறீங்க?"