பெட்டகக் கோட்டோவியமும் உறுப்புப் பெயர்களும்: சங்கரன்கோவில் வட்டார ஆவணமாக்கத்தை முன்வைத்து

பழைய மரப்பெட்டகத்தை வரைவோர் பெரும்பாலும் அதன் முகப்பையே வரைகின்றனர். பித்தளைப் பூண்களும் பூட்டுத்தகடும் வளையப் பிடியும் அங்கேயே மிகுதியாக அமைந்திருத்தல் இதற்குக் காரணமாகும். எனினும், அப்பெட்டகம் எவ்வகையினது, எவ்வாறு பயன்பட்டது என்பனவற்றை முகப்புப் படத்தால் மட்டும் அறிய இயலாது.

நெட்டூர்ப் பெட்டி இதற்குத் தக்க சான்று. தலைச்சேரியை அடுத்த நெட்டூரின் பெயரால் வழங்கும் இந்நகைப் பெட்டியின் மூடி, கேரள வீட்டுக் கூரைபோல நாற்புறமும் சரிந்து உச்சியில் குவியும். முகப்புப் படத்தில் இச்சரிவு தட்டையாகிவிடுகிறது. மேற்பார்வைப் படமும் குறுக்குவெட்டுப் படமும் உடன் இருந்தாலன்றி அதன் உருவம் விளங்காது. சங்கரன்கோவில் வட்டாரத்தில் பழம்பொருள்களை ஆவணப்படுத்துவோர் இம்மரபை அறிந்திருத்தல் இன்றியமையாதது. தென்காசி, செங்கோட்டை, ஆரியங்காவு வழியே கொல்லம் செல்லும் பாதை இவ்வட்டாரத்திற்கு அணித்தே உள்ளது. செங்கோட்டையோ 1956 வரை திருவிதாங்கூரைச் சார்ந்திருந்தது.

கணக்குப்பிள்ளைப் பெட்டியின் மூடி வேறு வகையினது. தரையில் அமர்ந்து எழுதுவதற்கு வாய்ப்பாக அது ஒருபுறமாகச் சரிந்திருக்கும். இச்சரிவைப் பக்கப்பார்வைப் படமே காட்டும். உள்ளே அமையும் கள்ளறையைக் குறுக்குவெட்டுப் படத்தில் மட்டுமே குறிக்க முடியும்.

கோடுகள் காட்டாதவற்றைப் பெயர்கள் உணர்த்துகின்றன. கீல், நாதாங்கி, கொண்டி, பூண், குமிழ் ஆகியன தச்சர், கொல்லர் வழக்கில் இன்றும் உயிருடன் உள்ளன. கல்லாப்பெட்டி என்பதன் முற்பகுதி வடபுல வணிகவழக்கிலிருந்து வந்தது. படிப்பறிவின்மையைக் குறிக்கும் ‘கல்லா’வோடு அதற்குத் தொடர்பில்லை. பேழை என்னும் சொல்லின் நிலை வேறு. விவிலியத் தமிழில் நோவாவின் மரக்கலத்திற்குப் பெயராக அது நிலைபெற்றுவிட்டது. வீட்டுப் பெட்டியைப் பேழை என அழைப்பார் இன்று அரியர். ஆதலின் படத்திற்கு ‘பேழை’ எனத் தலைப்பிடுதல் செவிக்கு இனிதாயினும் பிழையான பதிவாகும். உடையவர் கூறும் பெயரே முதலில் இடம்பெற வேண்டும். அகராதிச் சொல்லை அதனருகே தரலாம்.

இப்பணியைக் காலந்தாழ்த்தல் தகாது. நூறாண்டு கடந்த கைவினைப் பொருள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி தொல்பொருளாகும். தனியார் அதனை அயல்நாட்டிற்கு அனுப்புதல் கூடாது. உள்நாட்டு விற்பனைக்கு அத்தகைய முழுத்தடை இல்லை. பாகப்பிரிவினைக்குப்பின் காரைக்குடி போன்ற ஊர்களின் பழம்பொருள் கடைகளைச் சேரும் பெட்டி, மெருகேற்றப்பட்டு, பிடிகள் மாற்றப்பட்டு, வேறொரு பெயரில் விலைபோகலாம். அது வீட்டை விட்டு நீங்குமுன், முகப்பு, பக்கம், மேற்பார்வை, குறுக்குவெட்டு ஆகிய நான்கு படங்களையும் அளவுகோலுடன் வரைந்து, மரத்தின் பெயரையும் அவ்வீட்டார் வழங்கும் உறுப்புப் பெயர்களையும் அவற்றிலேயே எழுதிவைத்தல் வேண்டும்.