தாம்பரம்: ஏரிகளை நம்பி எழுந்த புறநகர்

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கிய ஆண்டு 1931. அன்றைய தாம்பரத்தைச் சுற்றி இருந்தவை வயலும் ஏரியும் குன்றும்தான். நல்ல காற்றை நம்பி டாக்டர் டேவிட் சவுரிமுத்து 1928-இல் இங்கே காசநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். ‘தாம்பரம் சானடோரியம்’ என்று அருகிலுள்ள ரயில் நிலையத்துக்குப் பெயர் வந்தது அதனால்தான். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி நகர நெரிசலை விட்டு இங்கே குடிபெயர்ந்தது 1937-இல்.

ரயில் இருந்ததால் ஆட்கள் வந்தார்கள். நகரத்துக்குள் வாடகை கொடுத்து அலுத்த அரசு ஊழியர்களும் வங்கி ஊழியர்களும், சேமிப்பையும் கடனையும் சேர்த்து இங்கே ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனை வாங்கினார்கள். சேலையூர், சிட்லபாக்கம், செம்பாக்கம், முடிச்சூர், பெருங்களத்தூர் என்று கிராமங்கள் ஒவ்வொன்றாக நகர்களாயின. 2021-இல் 5 நகராட்சிகளும் 5 பேரூராட்சிகளும் இணைந்து தாம்பரம் மாநகராட்சி உருவானது. 2023 டிசம்பரில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தால் மனை விற்பனை இன்னும் தெற்கே நகர்ந்துவிட்டது.

ஆனால் இந்த நிலத்துக்கு வேறொரு கணக்கு உண்டு.

இங்குள்ள ஏரிகள் தனித்தனிக் குளங்கள் அல்ல. ஒன்றின் உபரி நீர் அடுத்ததற்குப் போகும் சங்கிலி. சிட்லபாக்கம் ஏரி நிறைந்தால் தண்ணீர் கலங்கல் வழியே செம்பாக்கம் ஏரிக்குப் போகும். அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகளைத் தொட்டுப் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் சேரும். பிறகு ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்கும் கடலுக்கும் போகும். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-இல் இடம்பெற்ற பள்ளிக்கரணைக்கு நீர் கொண்டுவருபவற்றில் இந்தப் புறநகரின் தெருக்களுக்கு இடையே கிடக்கும் கால்வாய்களும் அடக்கம்.

வயல் இருந்தவரை ஏரிக்குக் காவல் இருந்தது. மதகு அடைத்துக்கொண்டாலும் கரை உடைந்தாலும், ஏரிப் பாசனத்தை நம்பிய ஆயக்கட்டு விவசாயிக்கே நஷ்டம். அவரே ஓடி வருவார். வயல்கள் மனையானதும் அந்த அக்கறைக்கு ஆள் இல்லாமல் போயிற்று. வரத்துக் கால்வாய்கள் குறுகிக் கழிவுநீர் வாய்க்கால்களாயின. கரையோரம் குப்பை குவிந்தது. ஆழ்துளைக் கிணறு வற்றிய கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருந்த தெருவே, ஐப்பசி, கார்த்திகையில் முழங்கால் நீரில் நின்றது.

2015 டிசம்பர் 1-ஆம் தேதி பெய்த மழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் பதிவானது 49 சென்டிமீட்டர். அடையாற்றங்கரையை ஒட்டிய முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வெள்ளம் புகுந்து, மக்களைப் படகில் மீட்க வேண்டியிருந்தது.

வெள்ளப் பயம் வீடுகளின் அமைப்பிலேயே தெரிகிறது. பழைய வீடுகளுக்குள் தெருவிலிருந்து படியிறங்கிப் போக வேண்டும்; பழைய தாரின் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டுச் சாலை உயர்ந்துவிட்டது. பக்கத்திலேயே புது வீடு ஆளுயரத் தூண்களின் மேல் நிற்கிறது, கீழ்த்தளம் காருக்கு. சிலர் ஜாக்கி வைத்து வீட்டையே சில அடி தூக்குகிறார்கள். பழைய சாலையைச் சுரண்டிவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று அரசு 2021-இல் உத்தரவிட்டது. தெருவுக்குத் தெரு அது நடக்கிறதா என்று கவனிக்க வேண்டியவர்கள் குடியிருப்போரே.

அப்படிக் கவனித்தவர்கள் சிட்லபாக்கத்தில் இருந்தார்கள். 2019 கோடையில் வறண்ட ஏரிக்குள் மண்வெட்டியோடு இறங்கிக் குப்பையை அள்ளினார்கள், கைக்காசு போட்டார்கள், ஆக்கிரமிப்பு பற்றித் தொடர்ந்து மனு கொடுத்தார்கள். அந்த ஆண்டே ஏரியைச் சீரமைக்க ரூ.25 கோடி ஒதுக்குவதாக அரசு அறிவித்தது. ஆயக்கட்டு விவசாயி விட்டுப்போன இடத்தில் அடுக்குமாடிவாசி வந்து நின்றார் என்பதே இதில் பெரிய செய்தி. வயல் போன புறநகர்களுக்கெல்லாம் இதைவிட்டால் வேறு வழியில்லை.

மனை வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வில்லங்கச் சான்றிதழோடு நின்றுவிடாதீர்கள். வருவாய்த் துறையின் ‘அ’ பதிவேட்டில் அந்த மனையின் சர்வே எண்ணுக்கு உரிய நில வகைப்பாட்டைப் பாருங்கள். கிராம வரைபடத்தில் ஏரியும் வாய்க்காலும் எங்கே ஓடுகின்றன என்று பாருங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன், நவம்பரில் நல்ல மழை பெய்த மறுநாள் காலை, ஒருமுறை அந்தத் தெருவுக்கு நேரில் போய் வாருங்கள்.