வணங்க மறுத்த காதலன்

களிமண்ணால் ஆதமைப் படைத்து உயிரூட்டிய இறைவன், அம்மனிதனுக்குப் பணியுமாறு வானவர்க்கு ஆக்ஞையிட்டபோது, யாவரும் சிரம் தாழ்த்தி ஸுஜூது செய்ய, இப்லீஸ் என்னும் சாத்தான் மட்டும், தான் நெருப்பில் பிறந்தவன், அவனோ மண்ணில் பிறந்தவன் என்று காரணம் கூறி நிமிர்ந்து நின்றான் என்பது திருக்குர்ஆன் உரைக்கும் வரலாறு. அகங்காரமே அவன் வீழ்ச்சிக்கு ஹேது என்பது மார்க்க அறிஞர்களின் பொதுவான முடிவு. ஆயினும் அந்த வணங்காத தலைக்குள்ளே ஒரு காதலனின் வேதனையும் இருந்ததோ என்று வினவத் துணிந்த இஸ்லாமிய மெய்ஞ்ஞானிகளாகிய ஸூபிகள் சிலர் உண்டு.

922-ஆம் ஆண்டில் பாக்தாத் நகரில் கொலைத்தண்டனைக்கு உள்ளான மன்சூர் அல்-ஹல்லாஜ், தம் 'தவாஸீன்' நூலில், சினாய் மலைச்சரிவிலே மூஸா நபியும் இப்லீஸும் சந்தித்து உரையாடுவதாக ஒரு காட்சி அமைக்கிறார். ஏன் பணியவில்லை என்று நபி கேட்க, ஏகனாகிய இறைவனையன்றி வேறொன்றுக்குத் தலைவணங்கத் தன் காதல் இடந்தரவில்லை என்றும், பணியச் சொன்னது கட்டளையன்று, சோதனையே என்றும் அவன் விடையிறுக்கிறான். இறைவனின் சாபத்தையும் அன்பர் தந்த பரிசாக ஏந்தி நிற்கும் இந்த இப்லீஸை, பின்னர் அஹ்மத் கஸ்ஸாலியும், 1131-இல் ஹமதானில் கொல்லப்பட்ட அவர் சீடர் ஐனுல் குஸாத்தும் மேலும் தியானித்தனர். வீழ்ந்தவனுக்கும் இரங்கும் மனம் கிறிஸ்தவ உலகிலும் உண்டு: ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த நினிவேயின் ஈசாக்கு, கருணை நிறைந்த இதயமானது பறவைக்காகவும் விலங்கினுக்காகவும் மட்டுமன்றிப் பேய்களுக்காகவும் கண்ணீர் சிந்தும் என்று போதித்தார்.

ஸூபிக் கவிஞர் ஜலாலுத்தீன் ரூமி இப்லீஸின் இந்தக் காதல் வாதத்தை அறிந்தவர். எனினும் அதில் மயங்கிவிடவில்லை. அவருடைய 'மஸ்னவி'யில், உறங்கிக்கொண்டிருந்த கலீபா முஆவியாவைத் தொழுகைக்கு எழுப்பும் இப்லீஸ், தன் பழைய பக்தியை உருக்கமாக எடுத்துரைத்தபோதிலும், முடிவில் உண்மையை ஒப்புக்கொள்கிறான்: தொழுகை தவறியிருந்தால், அந்த மனிதர் விடும் ஏக்கப் பெருமூச்சு நூறு தொழுகையினும் மேலான பலனை ஈட்டியிருக்கும், அதைப் பொறுக்கமாட்டாமலே அவன் எழுப்பினான்! ஆதமிடம் மண்ணை மட்டுமே கண்டு, அம்மண்ணுக்குள் ஊதப்பட்ட இறைமூச்சைக் காணத் தவறியதே அவன் குறை என்கிறார் ரூமி.

இந்த ஸூபி ஞானியர் எவரும் தீமையைப் போற்றவில்லை; அன்பு எந்த இடத்தில் ஆணவமாகத் திரிகிறது என்பதையே ஆராய்ந்தனர். தெய்வத்தை நேசிப்பதாகச் சொல்லிக்கொண்டு, எதிரே நிற்கும் மனிதனை வெறும் மண்ணென்று இகழ்பவன் எவனோ, அவன் இப்லீஸின் பிழையையே தானும் செய்கிறான்.